லிமாவின் நெற்றி விபூதி

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. விமானம் நிறுத்துகிற ஹேங்கரைக் கழுவிவிட்டு இரண்டு விமானங்களுக்கும் மாலை போட்டோம். பதிவெண்ணின் கடைசி எழுத்து எல் என்பதால் ஒன்றுக்கு லிமா, எம் என்பதால் இன்னொன்றுக்கு மைக் என்று ரேடியோவில் சொல்கிற பெயர். நம் பயிற்சிப் பள்ளிக்குச் சொத்து இந்த இரண்டும்தான். செவல்பட்டித் தளத்தில் மீதி இருப்பதெல்லாம் மயிலும் ஆடும்.

கேப்டன் சிவசைலம், அதாவது என் வீட்டுக்காரர், மூடியைக் கழற்றி லிமாவின் எஞ்சினுக்கே விபூதிப் பட்டை போட்டுவிட்டார். புரொப்பல்லருக்குப் பின்னால், கிராங்க்கேஸின் நெற்றியில், தண்ணீரில் குழைத்து மூன்று கோடு, நடுவில் சந்தனம் குங்குமம். கிராங்க்கேஸ் என்பது எஞ்சினின் உடம்பு. உள்ளே சுழலும் தண்டையும் எண்ணெயையும் தாங்கி நிற்கிற அலுமினியக் கூடு. அதற்குப் பட்டை போட்டது உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். புரொப்பல்லர் நுனிகளுக்கும் போன வாரம் அவரே மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி இரண்டு வருஷமாயிற்று.

எஞ்சினியரான எனக்குக் கீழே வேலை பார்க்கிற டெக்னீஷியன் ஏசுவடியான் பெந்தெகொஸ்தே சபைக்காரர். பூஜை முடியும்வரை வெளியே நின்றுவிட்டு, பொரிகடலையும் வேண்டாம் என்றுவிட்டு, உள்ளே வந்ததும் முதல் வேலையாகத் துணியை எடுத்தார்.

"மேடம், எஞ்சின்ல என்னத்துக்கு இந்தப் பொடி? தொடச்சிருதேன்."

"நாளைக்கு விஜயதசமி முடியட்டும் ஏசுவடியான்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு முணுமுணுப்பவர்களைப் பிடிக்காது. மனதில் ஏதோ வைத்திருப்பார்கள்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் பறப்பு இன்றுதான். எல்லோரையும் மைக்கிலேயே ஏற்றினார் சிவசைலம். லிமாவைத் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்திவிட்டார்.

சுண்டல் மிஞ்சிவிட்டது. பால்காரர் மறுபடி தண்ணீர் கலக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 4, சனி

லிமாவின் அடிவயிற்றில் எண்ணெய்க் கோடு. விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். எஞ்சின் எண்ணெய்தான். நாள் முடிகிற நேரம், ஏசுவடியான் கிளம்பிக்கொண்டிருந்தார். ஐந்து மணி ஆனால் அவரை யாரும் பிடித்து வைக்க முடியாது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சிவசைலத்திடம் சொன்னேன். "பழைய எஞ்சின்னா கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும் கோமு" என்றார். எஞ்சினுக்கு வேர்க்கும் என்று எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

எண்ணெய்க் கோட்டைக் காணோம்.

அடிவயிறு பளபளவென்று இருந்தது. மேல்மூடியைத் திறந்து பார்த்தேன். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருகினாலே போதும். உள்ளேயும் அப்படித்தான். சிலிண்டர்களுக்கு இடையில்கூட யாரோ துணியை விட்டுத் துடைத்திருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமான எஞ்சினை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. பூஜைக்குப் போட்ட விபூதி மட்டும் அப்படியே இருந்தது.

"ஏசுவடியான், இத யாரு தொடச்சது?"

"நான் தொடைக்கல மேடம்."

"பின்ன எஞ்சின் தானா குளிச்சிச்சா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

காலையில் முதலில் வருபவர் அவர். ஹேங்கர் சாவி அவர் கையில் ஒன்று, என் வீட்டில் ஒன்று. துடைக்காமல் எப்படிச் சுத்தமாகியிருக்கும்? எண்ணெய் கசிந்தால் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். அதைத் துடைத்து மறைப்பது கொலைக்குச் சமம். எண்ணெய் கசியாமல் அடைக்கிற சீல் எதையோ சரியாக மாட்டாமல் விட்டிருப்பார், நான் கண்டுபிடிக்கும் முன்னால் மறைக்கிறார். இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

ஓர் அதிசயம். லிமா எண்ணெய் குடிப்பதை நிறுத்திவிட்டது. அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தால் எப்போதும் ஒரே மட்டம். இந்த வயதில் எந்த எஞ்சினும் கொஞ்சமாவது குடிக்கும். குறைந்தால் எனக்குக் கவலை, குறையாவிட்டால் பயம். யாரோ குறையக் குறைய ஊற்றுகிறார்கள்.

ஸ்டோரில் எண்ணெய் டப்பாப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது. ஏசுவடியானிடம் ஒரு புல்லட் வண்டி இருக்கிறது, அதற்கும் எண்ணெய் வேண்டும்.

சிவசைலம் இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கே கோவிலுக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கிருந்து நேராகத் தளத்துக்குப் போய்விடுவாராம். பக்தி முற்றிவிட்டது. நான் மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் 8, புதன்

மாணவி ஃபர்ஹானாவின் அப்பா துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். காயல்பட்டினத்துப் பெண், இருபது வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அவள் தனியாக வெளியூர் பறந்து திரும்பி வருகிற அந்தப் பெரிய பறப்பை வருகிற பதினாறாம் தேதி வைத்திருக்கிறார்கள். தகப்பனார் பார்த்துவிட்டு துபாய் திரும்ப வேண்டுமாம். மைக் அன்றைக்குப் பெரிய சோதனையில் பிரித்துப் போட்டுக் கிடக்கும். அதனால் லிமாதான்.

பறக்கும் முன் விமானம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். கடலோரமாக அவ்வளவு தூரம் அந்தப் பெண் தனியாகப் போகப் போகிறாள். பக்கத்து சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். எஞ்சின் நின்றால் இறங்க உப்பளம்தான் இருக்கிறது.

"மேடம், லிமா நல்லா இருக்குல்லா?" என்று கேட்டாள்.

"பாத்துச் சொல்லுதேன்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொய்யாக 'நல்லா இருக்கு' என்று சொல்ல வராது.

அக்டோபர் 9, வியாழன்

முதலாளி பாலகுருசாமியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். லிமாவில் எங்கோ கசிவு இருக்கிறது, யாரோ துடைத்து மறைக்கிறார்கள், எண்ணெயும் ஊற்றுகிறார்கள் என்று.

"யாரு மேல சந்தேகம்?"

"சாவி வச்சிருக்கது ஏசுவடியான்."

"அப்ப அவந்தான். இன்னைக்கே அனுப்பிருவோமா?"

"வேண்டாம் சார். சந்தேகந்தான். கையும் களவுமா பிடிப்போம், பெறவு பேசுவோம்."

சாயங்காலம் சிவசைலத்திடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்த ஆளு அப்படிச் செய்ய மாட்டான்" என்றார். "நீங்க கண்டீயளா?" என்றேன். மோரை ஊற்றிக்கொண்டார். எல்லோரையும் நல்லவர் என்று நம்புவது அவருக்கு ஒரு வியாதி.

அக்டோபர் 11, சனி

துணி துவைத்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் கறுப்புக் கறை, சோப்புக்கு அசையவில்லை. தனி வாளியில் ஊறப் போட்டேன். பாக்கெட்டில் ஒரு ஒரு ரூபாய்க் காசு, விளிம்பெல்லாம் கடித்துத் துப்பியதுபோல இருந்தது. உண்டியலில் போட எடுத்துக்கொண்டு போய் மறந்திருப்பார். அலமாரியில் வைத்துவிட்டேன்.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கறை யார் சட்டையில்தான் இல்லை.

பால்காரரை மாற்றிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் ஒரு பக்கம் எழுதினேன். பிடிக்கவில்லை, கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஏசுவடியான் மூன்று நாள் லீவு. நாசரேத்தில் உபவாசக் கூட்டமாம். பதினாறாம் தேதி வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த இரண்டு வாரமாக லிமாவில் ஒரு மாணவரும் ஏறவில்லை. சிவசைலம்தான் ஓட்டுகிறார். கேட்டால், 'சும்மா நிப்பாட்டி வச்சா எஞ்சின் கெட்டுரும்' என்கிறார். அது உண்மைதான்.

நாளைக் காலை ஐந்தரைக்கே போய் ஹேங்கரில் உட்கார்ந்துவிடப் போகிறேன். யார் வந்தாலும் பிடித்துவிடலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

போகவில்லை. மாவாட்ட வேண்டியிருந்தது.

ஏசுவடியான் ஊரில் இல்லை. இருந்தும் லிமா சுத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

நாளைக்கு ஃபர்ஹானாவின் பறப்பு. பத்து மணிக்கு லிமாவின் மேல்மூடியை முழுதாகக் கழற்றி இறக்கினேன். உள்ளே வழக்கம்போலத் துடைத்து வைத்திருந்தது. சிலிண்டர் சிறகுகளின் இடுக்கு, குழாய்களின் மடிப்பு, எதையும் விடவில்லை. ஆனால் கிராங்க்கேஸின் நெற்றியில் விபூதி இருந்தது. வெள்ளைப் பட்டையின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. தலைமுடி விழுந்திருக்கிறது என்று ஊதிப் பார்த்தேன். போகவில்லை.

விரிசலைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு சோதனை செய்வோம். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சாயம் பொடியில் ஊறி வெளியே கோடாகத் தெரியும். விபூதியும் வெள்ளைப் பொடிதானே. உள்ளேயிருந்து ஊறிய எண்ணெய் அதில் ஏறி, தன்னைத் தானே வரைந்து காட்டியிருக்கிறது. வெறும் உலோகமாக இருந்திருந்தால் கண்ணுக்குத் தட்டுப்பட்டிருக்காது.

நானே விபூதியைத் துடைத்துவிட்டுச் சாயம் போட்டுப் பார்த்தேன். ஒரு போல்ட் உட்காருகிற இடத்தில் தொடங்கி நான்கு விரற்கடை நீளத்துக்கு இறங்குகிறது. உயிருள்ள விரிசல். பறக்கப் பறக்க வளரும். ஒரு நாள் எண்ணெய் மொத்தமும் வெளியே வந்து எஞ்சின் இறுகிப்போகும். அந்த இடத்தில் கிராங்க்கேஸ் சும்மா விரிசல் விடாது. சுற்றுகிற புரொப்பல்லர் எதிலாவது இடித்தால், அந்த அடி தண்டு வழியாக அங்கே போய்ச் சேரும்.

தின்னர் நனைத்த பஞ்சை எடுத்துப் போய் புரொப்பல்லர் நுனியில் தேய்த்தேன். மஞ்சள் பெயின்ட் போனது. அடியில் அரம் போட்டு வழித்த தடம்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வாரமாகத் துடைத்தவர் விபூதியில் மட்டும் கை வைக்கவில்லை. அதன் ஓரம்வரை வந்து, வளைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஏசுவடியானாக இருந்தால் அதைத்தான் முதலில் துடைத்திருப்பார், அல்லேலூயா சொல்லிக்கொண்டே. ஆகவே ஏசுவடியான் இல்லை.

துடைத்தவர் சாமி விபூதியைத் துடைக்கக் கை வராதவர்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத எதுவும் இல்லை. முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார். நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஹேங்கரைப் பூட்டி இரண்டு சாவியையும் என் பையில் போட்டுக்கொண்டேன். போனிலும் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் தோசை. சிவசைலம் இரண்டுடன் எழுந்துவிட்டார்.

"மழ வரும்போல இருக்கு கோமு. அந்தப் பிள்ளைய தீவாளிக்குப் பெறவு அனுப்பலாம்னு பாக்கேன்."

"அவ அப்பாக்கு லீவு முடியுதே."

"அதுக்கு என்ன செய்ய? உசுரு முக்கியம்லா."

"ஆமா" என்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் தோசைக்கல்லை விட்டுத் திரும்பாமல் நின்றேன். சொல்லவில்லை. டிவியைப் போட்டுவிட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

ஃபர்ஹானா குடும்பத்தோடு வந்திருந்தாள். அப்பா, அம்மா, தம்மடைப் பலகாரம் ஒரு தட்டு நிறைய. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"லிமா பறக்காது" என்றேன். "கிராங்க்கேஸ்ல விரிசல்."

அந்தப் பெண் அழுதுவிட்டாள். அவளுடைய அப்பா மட்டும் என்னைக் கும்பிட்டார். "அல்லா ஒங்க கண்ணுல காட்டுனான் தாயி" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முதலாளி வந்தார். சாயக்கோட்டைக் காட்டினேன். அவர் கோட்டைப் பார்க்கவில்லை, ஏசுவடியானைத்தான் பார்த்தார். உபவாசக் கூட்டத்திலிருந்து இன்று காலைதான் திரும்பியிருந்தார் மனிதர், கன்னம் ஒட்டிப்போய் இருந்தது.

"நட்டு போல்ட்ட அளவு தெரியாம முறுக்கிட்ட. ஒடஞ்சதும் எண்ணெயத் தொடச்சு மறச்சிருக்க. அப்படித்தான?"

"சார், நான் இந்த நட்டுல கை வச்சே வருசம் ஒண்ணு ஆச்சு. தொடைக்கவும் இல்ல."

"மேடமே சொல்லிட்டாங்க ஒம் மேலதான் சந்தேகம்னு. என்ன மேடம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏசுவடியானும் பார்த்தார். சிவசைலம் மைக்கின் இறக்கைக்குக் கீழே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"விசாரிக்கணும் சார்" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. நான் 'இவர் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி 'பின்னே யார்' என்பது. முதலாளி ஏசுவடியானிடம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அவர் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய் புல்லட்டை உதைத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது சிவசைலம் கேட்டார்: "ஏசுவடியான திருப்பி எடுப்பாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. லைசன்ஸ் ஆபீசுக்கும் எழுதிருவாங்க. பெறவு எந்த ஹேங்கர்லயும் வேல கெடைக்காது."

"பாவம்" என்றார்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கையிலிருந்த கரண்டியை அவர் தட்டில் எறிந்துவிடலாமா என்று இருந்தது. ரசம் ஊற்றினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் கோவிலுக்குப் போகவில்லை.

அக்டோபர் 18, சனி

காலையில் காப்பி கொடுக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"நீங்க சொல்லுதீயளா, நான் சொல்லட்டுமா?"

டம்ளரைக் கீழே வைத்தார். 'என்னத்தை' என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அதற்கு மட்டும் அவரை மெச்ச வேண்டும்.

"எப்ப தெரியும்?"

"அது எதுக்கு இப்ப? சொல்லுங்க."

சொன்னார். பூஜைக்கு முந்தின வாரம், மழை பெய்து விட்ட ஒரு மத்தியானம், லிமாவைத் தனியாக ஓட்டிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாராம். போன் அடித்திருக்கிறது. எடுத்துப் பார்த்த நேரத்தில் முன்சக்கரம் தார்ப்பாதையை விட்டு ஈரமண்ணில் இறங்கி, மூக்கு குனிந்து, புரொப்பல்லர் ஒரு தடவை மண்ணைக் கொத்தியிருக்கிறது. ஹேங்கரில் யாரும் இல்லை. மண்ணைக் கழுவி, நுனியை அரத்தால் வழித்து, மஞ்சள் அடித்துவிட்டார்.

"ஒரு மண்ணாங்கட்டிதான் கோமு. எஞ்சின்கூட நிக்கல. ஏற்கெனவே எம் பேர்ல ஒரு விபத்து இருக்கு. இன்னொண்ணுன்னா சொல்லிக் குடுக்குற லைசன்ஸே போயிரும். இந்த வயசுல நான் வேற என்ன வேலைக்குப் போக?"

"எண்ணெய் வந்த பெறவாவது சொல்லிருக்கலாம்லா?"

"சீல்னு நெனச்சேன். தெனமும் தொடச்சுப் பாப்பேன், இன்னைக்குக் கொஞ்சமாத்தான் வந்திருக்குன்னு தோணும். பிள்ளையள ஒருத்தரையும் அதுல ஏத்தலயே. நாந்தான ஓட்டுனேன்."

"நீங்க விழுந்தா பரவாயில்லயாக்கும்?"

ஆறிப்போன காப்பியைத் தள்ளி வைத்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு வாரமாகத் தினமும் காலையில் இவர் விரிசல் விட்ட எஞ்சினில் ஏறி ஆகாயத்துக்குப் போயிருக்கிறார், நான் மினி பஸ்ஸில் வந்து இறங்கி எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எல்லாத்தையும் தொடச்சீய. அந்த விபூதிய ஏன் தொடைக்கல?"

என்னைப் பார்த்து விழித்தார். நிஜமாகவே கேள்வி புரியவில்லை அவருக்கு.

"அத எப்படி கோமு தொடைக்க? பூசைல வச்சதுல்லா?"

"அதுலதான் தெரிஞ்சுது."

நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஈசன் பாத்துக்கிடுவான்னு நெனச்சேன்" என்றார்.

"பாத்துக்கிட்டான். நீங்க நெனச்ச மாதிரி இல்ல, அவ்வளவுதான்."

பத்து மணிக்கு இருவரும் முதலாளி அறைக்குப் போனோம். அவரே சொன்னார், நின்றுகொண்டே. நான் கதவோரம் நின்றேன். முதலாளி கத்தினார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லைசன்ஸ் ஆபீசுக்குத் தகவல் போய்விட்டது. விசாரணை முடியும்வரை சிவசைலம் தளத்துக்குள் கால் வைக்கக் கூடாது. லிமாவின் எஞ்சினை இறக்கிப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். ஃபர்ஹானாவுக்கு மைக் தயாரானதும் நாள் குறிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா அதற்குள் துபாய் போய்விடுவார்.

முதலாளி ஏசுவடியானுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை.

"நீங்க போய்க் கூப்புடுங்க மேடம்" என்றார். "ஒங்க மேல அவனுக்கு மரியாத உண்டு."

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. வீட்டில் ஒரு பலகாரமும் சுடவில்லை. சிவசைலம் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஏசுவடியான் வீடு இருக்கிற சாயர்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஏசுவடியான் அப்போதுதான் ஆராதனை முடிந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

கேப்டன்தான் செய்தது, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், அடையாள அட்டை இதோ இருக்கிறது என்று சொல்லி மேஜை மேல் வைத்தேன். முதலாளி வருத்தப்படுகிறார் என்றேன். நானும் வருத்தப்படுகிறேன் என்றேன். அவர் அட்டையை எடுக்கவில்லை.

"நீங்க என்னையச் சந்தேகப்பட்டதுல எனக்கு வருத்தம் இல்ல மேடம். அது ஒங்க வேல. நானா இருந்தாலும் சாவி வச்சிருக்கவனத்தான் மொதல்ல பாப்பேன்."

"பின்ன?"

"வியாழக்கெழம முதலாளி அத்தன பேருக்கு முன்னால என்னையப் பேசும்போது நான் ஒங்க மொகத்ததான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க தரையப் பாத்தீய. அந்தா, இவங்களுக்கு என்னமோ தெரியும்னு அப்பவே பட்டுச்சு. மூணு நாளா நான் தூங்கல. அந்தம்மா தெரிஞ்சே என்னைய மாட்டி விட்டுச்சா, இல்ல தெரியாமதானான்னு." டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "கர்த்தரு முன்னால கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. ஒங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?"

"புதன்கெழம" என்றேன். "விபூதில கோடு பாத்தப்பதான். அதுக்கு முன்னால தெரியாது. ஒரு நாளு, அவரே சொல்லட்டும்னு காத்திருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு. தப்புதான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"ஒரு நாளுதான" என்றார். அவர் தோள் தளர்ந்தது. "கட்டுன புருசன் மேடம். யாரா இருந்தாலும் ஒரு நாளு தவிக்கத்தான் செய்வாங்க."

அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தீபாவளி கழிந்து செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். மனைவியைக் கூப்பிட்டு, மேடத்துக்கு முறுக்கு கொண்டுவா என்றார். அவள் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் என்னை நம்பிவிட்டார். அந்த ஒரு ரூபாய்க் காசு பதினோராம் தேதியிலிருந்து என் அலமாரியில் கிடக்கிறது.